ரெட்டை முடிச்சு

செத்துப்போன மனைவி கட்டிய மூட்டை பட்டப்பகலில் வாசலில் வந்து இறங்கினால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? பிஸ்கட்காரர் முதலில் வண்டிக்காரனுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு கொட்டகைக்குள் வந்து, தவிட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்து, அந்த ஒரு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூட்டைகள் வெயிலில் கிடந்தன.

பிஸ்கட்காரர் என்றதும் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். முட்டைக்கோழி வளர்க்கிறவர். பிஸ்கட் ஃபாக்டரியில் உடைந்தது, கருகியது, அடுப்பு சூடேறுவதற்குள் அரைவேக்காடாக வெளியே வந்தது எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக எடுத்துவந்து, இடித்துத் தூளாக்கி, மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூளோடு கலந்து கோழிக்குப் போடுவார். "நம்ம வீட்ல வெறும் டீ, அவர் வீட்டுக் கோழிக்கு தினம் பிஸ்கட்டு" என்று தெரு கேலி பேசும். அந்தக் கேலியில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார்.

அவர் மனைவி அதே ஃபாக்டரியில் கழிவு பிரிக்கும் மேஜையில் வேலை பார்த்தவள். நீளமான தகர மேஜை. அதில் வந்து கொட்டும் உடைசலிலிருந்து உறைக் காகிதம், நூல், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாக்கில் அள்ளிக் கட்ட வேண்டும். அவளுக்கு இடதுகைப் பழக்கம். எல்லோரும் சுற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சணல் கயிற்றைச் சுற்றி, நுனியை அடியில் செருகி, இடப்புறம் சாய்ந்தாற்போல் காது மாதிரி ஒரு வளையம் விடுவாள். அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் முடிச்சு சிரித்துக்கொண்டே அவிழும். விவரம் தெரியாமல் வேறெங்காவது இழுத்தால் நகம் பெயர்ந்துபோகும். அப்படி ஒரு முடிச்சை அந்த ஃபாக்டரியில் வேறு யாரும் போட்டதில்லை, போட வந்ததுமில்லை.

அதில் ஒரு சங்கேதமும் உண்டு. ஒற்றை முடிச்சு என்றால் கோழிக்குப் போடலாம். ரெட்டை முடிச்சு என்றால் வேண்டாம், உள்ளே சாக்லேட்டோ கிரீமோ கலந்திருக்கிறது. சாக்லேட் கோழிக்கு விஷம். கிரீம் வயிற்றைக் கெடுக்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆரம்பித்த ஏற்பாடு நாளடைவில் ஃபாக்டரிக்கே பழகிவிட்டது. அங்கே மூட்டை தூக்குகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவனிடம் சொன்னது அடுத்தவனுக்குப் போய்ச் சேராது. ஆனால் ரெட்டை முடிச்சைப் பார்த்துவிட்டால் எவனும் யாரையும் கேட்காமல் மூட்டையை பாய்லர் பக்கம் தள்ளிவிடுவான். அது நெருப்புக்குப் போய்விடும்.

அவள் அந்த மேஜை முன்னால்தான் போனாள். மத்தியானம் "தலையைச் சுத்துது" என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பழைய கோழிகளையெல்லாம் விற்றுவிட்டுப் புதுக் குஞ்சு இறக்கியிருந்த சமயம் அது. குஞ்சுக்கு பிஸ்கட் போடக்கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தான். அந்தச் சட்டத்தை மீறுகிறவளும் அவள்தான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே போய், மேலங்கியை ஒரு உதறு உதறுவாள். துணியில் ஒட்டிய பொடி ஒரு சிட்டிகை விழும். அதற்குக் குஞ்சுகள் அடித்துக்கொண்டு ஓடிவரும். உடம்பெல்லாம் வெண்ணெயும் வெனிலாவும் மணக்க நிற்பாள். மகள்கூடச் சின்ன வயதில் அவள் முந்தானையை மோந்துகொண்டே தூங்குவாள்.

குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்கு வந்துவிட்டன. அந்த நேரத்துக்குக் கம்பிக் கதவுக்கு ஓடுகிற பழக்கத்தை மட்டும் அவை விடவில்லை. ஃபாக்டரியில் ஷிஃப்ட் சங்கு ஊதி முடித்துக் கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கக் கதவடியில் வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு ரோட்டைப் பார்க்கும். ரோட்டில் ஈ காக்கா இருக்காது. பார்க்கிற நமக்கே பாவமாக இருக்கும், அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மூட்டை வந்தது.

ஒற்றை முடிச்சு, இடப்பக்கம் சாய்ந்த காது, அடியில் செருகிய நுனி. கூசிக்கொண்டே கையை நீட்டி இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. உள்ளேயிருந்து வாசம் குப்பென்று வந்து முகத்தில் அடித்தது.

மகள் முட்டைத் தட்டோடு வந்தாள். அம்மா போனபிறகு முட்டை வியாபாரம் முழுக்க அவள் கையில். காரியக்காரி. அழுது யாரும் பார்த்ததில்லை. "கல் நெஞ்சுக்காரி" என்று உறவுக்காரர்கள் ஜாடை பேசியதுகூட உண்டு.

"இந்த மூட்டையை நீ கட்டினியா?" என்று கேட்டார். அவளுக்கும் இடதுகைப் பழக்கம்தான்.

"நான் எதுக்குப்பா கட்டறேன்? எனக்கு அந்த முடிச்சே வராது. அம்மா சொல்லிக்கொடுத்தப்ப நான் போனைப் பாத்துட்டிருந்தேன்." சொல்லிவிட்டு அவளும் கயிற்றைப் பார்த்தாள். "புதுசா வந்த அம்மா கத்துக்கிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

புதிதாக வந்தவள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுகிறவள். உறைக் காகிதத்தைக்கூடச் சரியாகப் பொறுக்காதவள். அவளாவது, கற்றுக்கொள்வதாவது.

அடுத்த தடவை வண்டி வந்தபோது அப்படி இன்னும் சில மூட்டைகள் இருந்தன. வண்டிக்காரனின் வாயைக் கிளறிப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு கட்டறது?"

"எனக்கென்னண்ணே தெரியும்? கொண்டாந்து போடறாங்க, ஏத்தறேன். முடிச்சையெல்லாம் யாரு பாக்கறா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமோ என்று பயம். நேராக ஃபாக்டரிக்குப் போனால் ஒரு நிமிஷத்தில் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். அதனால்தான் போகவில்லை. தெரியாமல் இருக்கிறவரை அவள் எங்கேயோ ஒரு மேஜை முன்னால் நின்று கட்டிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். மனுஷ மனசு அப்படித்தான், விவஸ்தை கிடையாது.

அவள் மூட்டைகளை மட்டும் தனியாக, மழைச்சாரல் படாத மூலையில் அடுக்கினார். அவிழ்க்கும்போது பேச்சுக் கொடுத்தார். "இன்னைக்கு நல்லா இறுக்கிட்டியே, கோபமா?" என்பார். அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டாமல் ஆணியில் தொங்கவிட்டார். கயிற்றில் முடிச்சு இருந்த இடத்தில் வளைவு அப்படியே நின்றது. சாயங்கால டீக்கு அந்த மூட்டையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொள்வார். கொஞ்சம் கசந்தது. கருகல் என்று நினைத்துக்கொண்டார்.

சில வாரம் போயிருக்கும். ஒரு கோழி றெக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது. மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. முட்டை குறைந்தது. சிவந்து நின்ற கொண்டைகள் வெளிறிப்போயின. மகள் முட்டையைத் தட்டில் வைக்கும்போதே ஓடு விரலோடு நொறுங்கியது.

இந்தக் கூட்டம் போனால் கொட்டகை போயிற்று. மறுபடி குஞ்சு இறக்க அவருக்குத் தெம்பு இல்லை. அது மட்டுமில்லை, இந்தக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்துப் பொறுக்கியெடுத்தவள் அவள். அவள் கை பட்டவை என்று உயிரோடு மிஞ்சியது இவை மட்டும்தான். ஒன்று சாகும்போது அவருக்கு ஒரு விரலை வெட்டினாற்போல் இருந்தது.

சந்தேகம் யார்மேல் வரும்? பிளாஸ்டிக் பட்டைக்காரிமேல்தான். "காகிதத்தோட சேத்து அள்ளிக் கட்டியிருக்கா பாவி, கோழி வயித்துல போய் அடைக்குது" என்று அவள் கட்டிய மூட்டைகளையெல்லாம் நிறுத்தினார். அன்றிலிருந்து கோழிகளுக்கு ஒற்றை முடிச்சு மூட்டை மட்டும்தான். பயமில்லாமல் அள்ளிக் கலந்தார். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார், பாவம்.

சாவு அதிகமானது.

கோழி டாக்டரம்மா வந்தார். பேச்சில் தேனொழுகாத மனுஷி. செத்த கோழியைத் திண்டில் போட்டு அறுத்தார். இரைப்பையைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"காகிதம் எதுவும் இல்லை. சுத்தமா இருக்கு. ஆனா ஈரலைப் பாருங்க."

ஈரல் வீங்கி, மஞ்சளாக, தொட்டால் குழைந்தது.

"பூஞ்சை விஷம் மாதிரி இருக்கு. பழைய தீனி எதாவது போடறீங்களா?"

"இல்லைங்க டாக்டரம்மா."

"ஈரம் பட்டது? கட்டி தட்டினது?"

"எல்லாம் ஃபாக்டரியிலேருந்து நேரா வர்றதுங்க."

"இப்ப கோழி எதைத் திங்குதோ அதுல ரெண்டு பிடி குடுங்க. சோதிச்சுப் பாத்துடலாம். முடிவு வர்றவரைக்கும் முட்டையை விக்காதீங்க, விஷம் அதுலயும் இறங்கும்."

பிஸ்கட்காரர் உள்ளே போனார். மூலையில் அவள் மூட்டை வாய் திறந்து இருந்தது. அதன் முன்னால் கையில் பையோடு நின்றார். அவள் கட்டியதிலிருந்து அள்ளிக்கொண்டுபோய், இதில் விஷம் இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு மூன்றாம் மனுஷியிடம் கொடுப்பதா? அவளைக் கூண்டில் ஏற்றுவதா? கை வரவில்லை. ஒதுக்கிவைத்திருந்த பிளாஸ்டிக் பட்டை மூட்டையிலிருந்து ரெண்டு பிடி எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

முடிவு வந்தது. தீனியில் ஒன்றுமில்லை. டாக்டரம்மாவே குழம்பிப்போனார். தண்ணீரைப் பார்க்கச் சொன்னார், மருந்து எழுதினார். கோழிகள் செத்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியபிறகு, மிஞ்சிய கோழிகள் தள்ளாடிக்கொண்டு கம்பிக் கதவுக்கு வந்தன. வழக்கம்போல் ரோட்டைப் பார்த்தன. ஒன்று பார்த்துக்கொண்டே சரிந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. அவள் வருகிறாள். தினமும் வருகிறாள். ஒவ்வொன்றாகத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறாள். அவருக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கோழியைக் கூப்பிடத் தெரிந்தவளுக்குத் தன்னைக் கூப்பிடத் தோன்றவில்லையே என்று வயிறெரிந்தார். டீயில் துண்டை நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னத்தைத் திங்கறீங்க?"

மகள் பின்னால் நின்றாள். அவர் கையைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, படியில் அடித்து உடைத்தாள். உள்ளே பச்சையும் நீலமுமாகப் படர்ந்திருந்தது.

"அப்பா, இங்க பாருங்க."

"அது கிரீம்" என்றார். "பச்சைக் கிரீம் பிஸ்கட் ஒண்ணு போடறாங்களே, அந்த உடைசல் கலந்திருக்கும்."

மகள் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல எத்தனை முடிச்சு இருந்துச்சு?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கப்பா. எத்தனை?"

"ஒண்ணு."

"கிரீம் இருந்தா அம்மா ரெண்டு போட்டிருப்பா. ஒரு நாள்கூட மாத்திப் போட்டதில்லை அவ. உங்களுக்கு அது தெரியும். அப்ப இது கிரீம் இல்லை." கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டினாள். "டாக்டரம்மாவுக்கு இதிலேருந்துதானே எடுத்துக் குடுத்தீங்க?"

அவர் மென்று விழுங்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவ மேல சந்தேகப்படச் சொல்றியா?" என்றார்.

"அம்மா செத்துட்டாப்பா" என்றாள் மகள். வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. "எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் அதைத் தின்னுட்டு ஒரு நாள் எந்திரிக்கலேன்னா நான் எங்க போவேன்?"

திறந்த மூட்டையை அவளே இழுத்துக்கொண்டு போனாள். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பிஸ்கட்காரர் ஃபாக்டரிக்குப் போனார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. மகள் சொன்னதெல்லாம் உண்மை என்று புத்திக்குத் தெரிந்தது. இருந்தாலும் கழிவு மேஜையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உடைசலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையால்.

குடோன்காரன் அவருக்குத் தெரிந்தவன். அவர் மனைவியை அக்கா அக்கா என்று சுற்றிவந்தவன்.

"அந்தச் சணல் கயிறு மூட்டையெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"அதுவா? வாங்கண்ணே, காட்டறேன். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு."

பழைய குடோனுக்குக் கூட்டிப்போனான். உபயோகமில்லாத அடுப்பு ஒன்று துருப்பிடித்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். கூரைத் தகரத்தில் ஓட்டை வழியாக வெளிச்சம் கோடாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில், தரையிலிருந்து அவர் தலைக்குமேல்வரை, மூட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும் இடப்பக்கம் சாய்ந்த காது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்க அவள் கை. முன்வரிசையில் பாதிதான் எடுத்திருந்தார்கள், பின்னால் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. வெண்ணெயும் வெனிலாவும், அதற்கு அடியில் நனைந்த சுவரின் நாற்றமும். யாரோ பின்னால் நின்று மூச்சுவிடுவதுபோல் பிடரி குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். குடோன்காரன்தான்.

"அக்கா எடுத்து வச்சதுண்ணே. நீங்க குஞ்சு இறக்கியிருந்தீங்கல்ல, அப்ப மூட்டை வேணாம்னீங்க. குஞ்சு வளர்ந்தா தீனி வேணுமே, நல்ல உடைசலா பாத்து நமக்குன்னு ஒதுக்கறேன், யாருக்கும் குடுத்துடாதேன்னு சொல்லிச்சு. தினம் கொஞ்சம் கொண்டாந்து அடுக்கும். அப்புறம் அது போயிடுச்சு, எனக்கும் மறந்தே போச்சு. இப்ப இங்க புது மெஷின் வருதுன்னு இடத்தைக் காலி பண்ணச் சொன்னாங்களா, அப்பத்தான் ஞாபகம் வந்துது. உங்க வண்டியிலயே ஏத்திவிட்டேன்."

அவருக்கும் ஞாபகம் வந்தது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "பின்வரிசையில நமக்கு எடுத்து வச்சிருக்கேங்க, இதுங்க வளர்ந்ததும் கவலையே இல்லை." அவர் குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்பு எரியவில்லை என்ற கவலையில் இருந்தார். உம் என்றாரோ என்னவோ. அதுகூட ஞாபகமில்லை. அவள் சாவதற்குச் சில நாள் முன்னால் ஆசையாகச் சொன்ன ஒரு விஷயத்தைக் காதில் வாங்காத மனுஷன், செத்தபிறகு அவள் கட்டிய மூட்டையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடிவரிசை மூட்டை ஒன்றில் கை வைத்தார். சாக்கு ஈரமாக இருந்தது. ஓட்டைத் தகரத்தின் வழியாக ஒரு மழைக்காலமே உள்ளே இறங்கியிருந்தது. காதை இழுத்து அவிழ்த்தார். கட்டியை உடைத்தார். பச்சை.

அவள் கட்டும்போது நல்லதாகத்தான் கட்டினாள். போடலாம் என்று சொன்னது அன்றைக்கு உண்மை. அதற்கப்புறம் மழை பெய்ததை அவளுக்கு யார் சொல்வது?

"பூசணம் பூத்துடுச்சு" என்றார் குடோன்காரனிடம். "இதைத் தின்னுதான் என் கோழியெல்லாம் போச்சு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதுண்ணே. நான் அவிழ்த்துக்கூடப் பாக்கல. அக்கா கட்டினதாச்சேன்னு..."

"நானும் அதான் நினைச்சேன்."

"ஐயோ, மீதியை வேற ஒரு பண்ணைக்காரர் கேட்டிருக்காரே. மத்தியானம் வண்டி வருது. நான் இப்ப ஆபீசுக்குப் போயே ஆகணும், ஆளுங்க ஏத்த வந்துடுவாங்க. புதுப் பசங்க, சொன்னா ஒருத்தன் கேப்பான், ஒருத்தன் கேக்க மாட்டான்."

"அவனுங்களுக்கு ரெட்டை முடிச்சு தெரியுமா?"

"அது தெரியும். அதை மட்டும் வந்த அன்னைக்கே கத்துக்குடுத்துடுவாங்க."

பிஸ்கட்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தரையில் கிடந்த சணல் துண்டுகளைப் பொறுக்கினார். "நீ போய் உன் வேலையைப் பாரு. நான் போடறேன்."

முதல் மூட்டைமுன் உட்கார்ந்து, அவள் முடிச்சுக்குமேல் இன்னொன்று போட்டார். அவருக்கு அந்த இடதுகை வித்தை வரவில்லை. வலதுகை முடிச்சு, வலப்பக்கம் சாய்ந்தது. பரவாயில்லை. ஒரே கழுத்தில் இரண்டு காதுகள், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார். கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போக, அவர் பேசிக்கொண்டே போனார்.

"நீ இருந்தா நீயே போட்டிருப்பே. நீ இல்லைன்னு நான் போடறேன். தப்பா எடுத்துக்காதே. உன் கோழிதான் சாவுது, அதுக்காகத்தான். நீ ஒதுக்கி வச்சதை நான் ஒதுக்கறேன்னு நினைக்காதே."

ஆட்கள் வந்தார்கள். வழியில் குடோன்காரன் சொன்னானோ இல்லையோ, மூட்டையின் கழுத்தைப் பார்த்தார்கள், இரண்டு முடிச்சைப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை கேட்காமல் பாய்லர் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவர் முடிச்சுப் போடப் போட, பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. விரலிடுக்கில் சணல் அறுத்து ரத்தம் கசிந்தது. கடைசி மூட்டைக்கு வந்தபோது திரும்பிவந்த குடோன்காரன் சொன்னான், "இது ஒண்ணை வேணா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே. ஞாபகத்துக்கு."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். அந்தக் காதை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அதன்மேலும் ஒன்று போட்டு இறுக்கினார்.

அவர் வீட்டை நெருங்கும்போது ஃபாக்டரியில் சங்கு ஊதியது. கம்பிக் கதவடியில் மிஞ்சிய கோழிகள் வந்து நின்றிருந்தன. அவர் ரோட்டில் திரும்பியதும் அத்தனையும் ஒரேயடியாகப் பரபரத்தன. கதவில் மோதின, றெக்கையை அடித்தன, நிற்கத் தெம்பில்லாதவைகூடத் தவழ்ந்து முன்னால் வந்தன. இத்தனை நாளாக யாருக்காகக் காத்திருந்தனவோ அவள் வந்துவிட்டாள் என்பதுபோல. அவர் பின்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அப்புறம்தான் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டார். சட்டை, வேட்டி, தலைமுடி, கைரோமம் எல்லாம் பிஸ்கட் தூள். வெண்ணெயும் வெனிலாவும்.

ஒரு உதறு உதறினால் போதும், ஒரு சிட்டிகை விழும். கோழிகள் அதற்குத்தான் நின்றன. அந்த ஒரு சிட்டிகையும் விஷம். அவர் கதவுக்கு எட்டாமல் ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

"ஒரு வாளி தண்ணி கொண்டாம்மா. உள்ள வரக்கூடாது நான்."

மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்தவள் சட்டென்று நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் கால்மேல் கொட்டியது. மூக்கு விடைத்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தோளையும் சட்டையையும் பார்த்தாள்.

"ஊத்தும்மா" என்றார்.

"ஊத்தறேன்." வாளியைக் கீழே வைத்தாள். இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்து, அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கப்பா."

அவர் அசையாமல் நின்றார். கோழிகள் கம்பிக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தன. அவள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினாள்.